நாட்குறிப்பு எழுதத் தொடங்குபவர்களுக்கு: நோட்டு வாங்குவதிலிருந்து அதைக் காப்பாற்றுவது வரை

நாட்குறிப்பு எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஜனவரி 1 அன்று தொடங்குகிறார்கள். அந்த மாதம் முடிவதற்குள் டைரி அலமாரிக்குள் போய்விடுகிறது. சோம்பேறித்தனம் என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். உண்மையான காரணம் வேறு. தேதி அச்சிட்ட டைரி, தினமும் ஒரு பக்கம் நிரப்பியாக வேண்டும் என்ற எண்ணம், எதை எழுதுவது என்று தெரியாத குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஆளைக் கவிழ்க்கின்றன. மூன்றையும் சரிசெய்துவிடலாம்.

முதலில் எதற்காக எழுதுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். கல்யாணம், பிரசவம், புது வேலை, மரணம் போன்ற பெரிய நிகழ்ச்சிகள் எப்படியும் நினைவில் நிற்கும். படங்களும் இருக்கும், நினைவுபடுத்த நாலு பேரும் இருப்பார்கள். தினம் தினம் நடப்பதாலேயே யாரும் கவனிக்காத விஷயங்கள்தான் காணாமல் போகும். வேலைக்குப் போன வழி, பக்கத்து இருக்கையில் இருந்தவர் அடிக்கடி சொன்ன வாக்கியம், குழந்தை ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்த விதம் எல்லாம் அந்த வகை. அமெரிக்க உளவியலாளர் மாரிகோல்ட் லிண்டன் 1970களில் ஆறு ஆண்டுகள் தன் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்துத் தன் நினைவைத் தானே சோதித்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப நடப்பவை ஒன்றோடொன்று கலந்து, எது எந்த நாளில் நடந்தது என்று பிரித்தறிய முடியாமல் போவதைக் கண்டார். நாட்குறிப்பின் வேலை அந்தக் கலவையைத் தடுப்பது.

நோட்டும் பேனாவும்

தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு வெள்ளைப் பக்கங்கள் கண்ணெதிரே நின்று குற்றம் சாட்டும். சாதாரணக் கோடு போட்ட நோட்டில் தேதியை நீங்களே எழுதுங்கள். ஏ5 அளவு, அதாவது 148 × 210 மில்லிமீட்டர், கைக்கு அடக்கமானது. 8 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 வரி வரும். ஒரு நாளுக்கு ஏழு வரி எழுதினால் ஒரு பக்கம் மூன்று நாளுக்குக் காணும். 200 பக்க நோட்டு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஓடும். எனவே தடிமனான நோட்டு வாங்காதீர்கள். பாதியில் நிற்கும் தடித்த நோட்டைவிட முழுதாக நிரம்பிய மெல்லிய நோட்டு அடுத்ததைத் தொடங்கவைக்கும்.

கட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நூல் கொண்டு தைத்த நோட்டு மேசையில் தட்டையாக விரியும், தாள் உதிராது. முதுகில் கோந்து மட்டும் தடவி ஒட்டியதை நாலைந்து முறை அகல விரித்தாலே நடுத்தாள்கள் கழன்றுவிடும். சுருள்கம்பி நோட்டு எழுதச் சுகமானது. ஆனால் அடுக்கி வைத்தால் கம்பி நசுங்கும், தாள் கிழியும், முதுகில் தேதி எழுத இடமும் இருக்காது. தாள் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) இருந்தால் பால்பாயிண்ட் பேனாவுக்குப் போதும். மைப்பேனா பிடிப்பவர்களுக்கு 80 முதல் 100 வரை தேவை, இல்லாவிட்டால் மை மறுபக்கம் ஊறும். அமிலம் இல்லாத தாள் என்று அட்டையில் போட்டிருந்தால் அதையே எடுங்கள். மலிவான தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுத்து, தாள் நொறுங்கத் தொடங்கும்.

பேனாவில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: மையில் இருப்பது சாயமா, நிறமித்தூளா? சாய மை தண்ணீர் பட்டால் கரையும், வெயில் பட்டால் மங்கும். நிறமி மை தாளில் பிடித்துக்கொள்ளும். கறுப்பு ஜெல் பேனாக்களில் நிறமி மை உள்ளவை பல உண்டு. உறையில் தண்ணீருக்குக் கரையாது என்று எழுதியிருக்கும். நம்ப வேண்டியதில்லை, சோதித்துப் பாருங்கள். ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி ஒரு மணி நேரம் காயவிட்டு, மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எழுத்து கலங்கினால் அந்தப் பேனாவை மளிகைப் பட்டியலுக்கு வைத்துக்கொள்ளலாம். தேய்த்தால் அழியும் வகைப் பேனாவைத் தொடவே கூடாது. அதன் மை சூட்டில் மறையும்படி செய்யப்பட்டது, கோடையில் காருக்குள் விட்ட நோட்டு வெறும் தாளாகிவிடும். பென்சிலைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். கரிமம் மங்காது. ஒரே குறை, பக்கங்கள் ஒன்றோடொன்று உரசும்போது தீற்றிக்கொள்ளும்.

நேரம்

புதிதாக ஒரு நேரம் ஒதுக்க முயலாதீர்கள். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு ஒட்டிவிடுங்கள். இரவு வாசல் கதவைப் பூட்டிய உடனே, பல் துலக்கிய பிறகு, காலை வண்டியில் இருக்கை கிடைத்த உடனே என்று எதுவாகவும் இருக்கலாம். நோட்டும் பேனாவும் அந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். எழுந்து போய் எடுத்துவர வேண்டியிருந்தால் அன்றைக்கு எழுத மாட்டீர்கள்.

பத்து நிமிடம் போதும். குறைந்தபட்ச அளவு மூன்று வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் நாளிலும் சண்டை நாளிலும் எழுதிவிட முடிகிற அளவாக அது இருக்க வேண்டும். உற்சாகமான நாளில் மூன்று பக்கம் எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அதை மறுநாளுக்கான அளவாக ஆக்கிவிடாதீர்கள். முதல் வாரத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்தான் மூன்றாம் வாரத்தில் காணாமல் போகிறார்கள்.

இரவு தூக்கம் கண்ணைச் சொக்கினால் காலையில் எழுதுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போட்டால் விவரம் உதிர்ந்து, "வழக்கம்போல்" என்ற ஒரு சொல்தான் மிஞ்சும். பகலில் ஏதேனும் கண்ணில் பட்டால் கைப்பேசியில் இரண்டு சொல் தட்டிவையுங்கள். இரவில் விரிக்க அது போதும்.

ஒரு பதிவில் என்ன இருக்க வேண்டும்

முதல் வரியில் தேதி, கிழமை, இடம், எழுதும் நேரம். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 5/6 என்று எழுதிவைத்தால் பிறகு படிப்பவருக்கு அது மே ஆறா, ஜூன் ஐந்தா என்று புரியாது. ஆண்டையும் விடக்கூடாது. நோட்டின் அட்டை பிய்ந்துபோனால் அந்த நான்கு இலக்கம்தான் காப்பாற்றும். முந்தின நாள் கதையை மறுநாள் எழுதினால் "நேற்றையது, இன்று காலை எழுதுகிறேன்" என்று சேர்த்துவிடுங்கள்.

இந்தத் தேதி விஷயத்தில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகனார் ஆறு ஆண்டுகள் தன் வாழ்வில் நடந்தவற்றை என்ன, யார், எங்கே, எப்போது என்று நான்காகப் பிரித்து எழுதிவந்தார். பிறகு அதில் ஒரு துணுக்கை மட்டும் பார்த்து மீதியை நினைவுகூர முயன்றார். 1986-இல் வெளிவந்த அந்த ஆய்வில், "என்ன நடந்தது" என்ற துணுக்குதான் அதிகம் கைகொடுத்தது. தேதியை மட்டும் பார்த்தபோது ஏறத்தாழ எதுவுமே நினைவுக்கு வரவில்லை. நமக்கு இதிலிருந்து இரண்டு பாடங்கள். தேதியை மனம் வைத்திருக்காது, தாள்தான் வைத்திருக்க வேண்டும். தேதியைப் போட்டு "நல்ல நாள்" என்று மட்டும் எழுதிவைத்தால் அது பின்னால் எந்தக் கதவையும் திறக்காது.

அதனால் அடுத்த வரிகளில் நடந்த ஒன்றை எழுதுங்கள். யார் இருந்தார்கள், யாராவது சொன்ன ஒரு வாக்கியம் சொன்னபடியே, எண்ணாகக் குறிக்கக்கூடிய ஏதாவது ஒன்று. உணர்ச்சி கடைசியில் வரட்டும். வேறுபாட்டைப் பாருங்கள்:

"இன்று அலுவலகத்தில் வேலை அதிகம். மிகவும் சோர்வு. மனநிலை சரியில்லை."

"அச்சு இயந்திரம் மூன்றாவது முறையும் தாளை விழுங்கியது. எதிர் மேசைக்காரர் 'அதுக்கு ரிட்டையர்மெண்ட் கொடுங்கப்பா' என்றார், எல்லோரும் சிரித்தோம், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீடு சேர 7.40. படி ஏறும்போது இடது முழங்காலில் வலி, இதுதான் முதல் தடவை."

இரண்டாவதை எழுத ஒரு நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். சோர்வு என்ற சொல் அதில் இல்லை, ஆனாலும் சோர்வு தெரிகிறது. முழங்கால் வலி எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்கும் நாளில் அந்தக் கடைசி வரி மட்டுமே நோட்டின் விலையை மீட்டுத்தரும்.

பேச்சை எழுதும்போது பேசிய மொழியிலேயே எழுதுங்கள். எழுத்துத் தமிழுக்குத் திருத்தினால் ஆள் மறைந்துவிடுவார். கொச்சையோ, ஆங்கிலம் கலந்ததோ, வசவோ, வந்தபடி வரட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை இன்றும் வரலாற்றாசிரியர்கள் புரட்டுகிறார்கள் என்றால், வந்த கப்பலையும் காதில் விழுந்த பேச்சையும் அப்போதைக்கப்போதே அவர் எழுதிவைத்ததுதான் காரணம். அவருடைய குறிப்பிலும் நடுவே இடைவெளிகள் உண்டு. விட்டுப்போன நாட்களை எண்ணிக் கவலைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மாதம் ஒரு முறை அன்றாடப் பக்கம்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவதும், பின்னால் அதிகம் பயன்படுவதும் இதுதான். மாதத்தில் விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். எழுந்ததிலிருந்து படுத்தது வரை மணி வாரியாக எழுதுங்கள். அலாரம் எத்தனை மணிக்கு, யார் முதலில் எழுந்தது, எந்தக் கதவு கிறீச்சிட்டது, எந்த வழியாகப் போனீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, எதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள், யாரோடு தொலைபேசியில் பேசினீர்கள், என்ன படித்தீர்கள், மேசைமேல் என்னென்ன கிடக்கின்றன. அலுப்பாக இருக்கும். இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும் வரிதான் பத்தாண்டு கழித்து முதலில் கண்ணில் நிற்கும். நாற்பது நிமிடம் ஆகலாம். அன்றைய மூன்று வரியை இதற்காக விட்டுவிடலாம்.

வீட்டின் ஓர் அறையைக் கோட்டுப்படமாக வரைந்து, எது எங்கே இருக்கிறது என்று எழுதிவையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒன்று போதும்.

பெரியவர்களின் நினைவுகள்

சொந்த நாளை எழுதிப் பழகிய பிறகு வீட்டுப் பெரியவர்களின் பழைய நினைவுகளையும் இதே ஏட்டில் சேர்க்கலாம். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பதில் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். இடத்தையும் செய்முறையையும் கேளுங்கள்: "நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் என்ன தெரியும்?", "தண்ணீர் எங்கிருந்து, யார் கொண்டுவருவார்கள்?", "முதல் சம்பளத்தை எப்படிக் கையில் கொடுத்தார்கள்?" ஆண்டைக் கேட்காதீர்கள், அதில் தடுமாறினால் பேச்சே நின்றுபோகும். "அது உங்கள் கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால் சுலபமாக வந்துவிடும்.

ஒரு தடவைக்கு அரைமணி நேரம் போதும், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். பதிவு செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் வரும் அழைப்பு பதிவை நிறுத்திவிடும். பேசுபவருக்கு அரை மீட்டருக்குள், மடித்த துணியின்மேல் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடியாகக் கேட்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்த அன்றே, எந்த நிமிடத்தில் எந்தக் கதை என்று ஏட்டில் பத்து வரி எழுதிவிடுங்கள். அப்படி எழுதாத ஒலிக்கோப்பை யாரும் திரும்பக் கேட்பதில்லை. அவர் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே குறியுங்கள்.

ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம்.

தேடினால் கிடைக்க வேண்டும்

பக்க எண் போடுங்கள். கடைசி நான்கு பக்கங்களைக் காலியாக விட்டு, இரண்டில் பொருளகராதி எழுதுங்கள்: பெயர் அல்லது விஷயம், பக்கம். மாதக் கடைசியில் இருபது நிமிடம் படித்துக்கொண்டே இதை நிரப்பிவிடலாம். மீதி இரண்டில் ஆட்களின் பட்டியல். நோட்டுக்குள் "ராஜு" என்று எழுதுவீர்கள். எந்த ராஜு, உங்களுக்கு என்ன உறவு, முழுப்பெயர் என்ன என்பது அங்கே இருக்க வேண்டும். இப்போது அவசியமே இல்லை என்று தோன்றும். ஒரே பெயரில் மூன்று பேர் வந்துசேர்ந்த பிறகு நீங்களே குழம்புவீர்கள்.

சுருக்கக் குறிகள் பயன்படுத்தினால் அவற்றின் பொருளையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 1660 முதல் 1669 வரை லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் எழுதிய நாட்குறிப்பு சுருக்கெழுத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் படித்தறிய அமர்ந்தவர் சுமார் மூன்று ஆண்டுகள் பாடுபட்டார். அந்தச் சுருக்கெழுத்தின் கையேடு அதே நூலகத்தில் இருந்தது அவருக்குத் தெரியவில்லை.

கணினியிலோ கைப்பேசியிலோ எழுதினால்

தட்டச்சு வேகம் இருப்பவர்களுக்கு இதுதான் வசதி. ஆனால் கோப்பு நோட்டைவிடச் சுலபமாகத் தொலையும். செயலியில் எழுதுவதாக இருந்தால் இரண்டு நாள் எழுதிப் பார்த்துவிட்டு, எழுதியதை வெளியே எடுத்து வேறொரு கருவியில் திறந்து படியுங்கள். தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா, தேதி கூடவே வருகிறதா என்று பாருங்கள். வெளியே எடுக்க வழியில்லாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அது மூடப்படும் நாளில் உங்கள் நாட்களும் மூடப்படும்.

பாதுகாப்பான வழி எளிய உரைக் கோப்புதான். மாதத்துக்கு ஒரு கோப்பு வையுங்கள். பெயர் 2025-03 என்பதுபோல ஆண்டு முதலில், பிறகு மாதம். அப்போது கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். டிஸ்கி, பாமினி போன்ற பழைய முறைகளில் தட்டச்சு செய்தவர்கள் அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது என்ன தெரிந்தது என்று அவர்களையே கேளுங்கள். அப்படிப் பழைய கோப்பு கையில் இருந்தால் எழுத்துரு மாற்றும் மென்பொருள் கொண்டு இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

நகல் மூன்று இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நகலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படங்களில் ஒரு பொறி உண்டு. வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக வந்த கோப்பில் எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்கள் நீங்கியிருக்கும். கோப்புப் பெயரில் இருக்கும் தேதி படம் எடுத்த நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை. உறவினர் அனுப்பும் பழைய படங்களுக்கு நாளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அல்லது அவற்றை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒட்டுவதும் பாதுகாப்பதும்

டிக்கெட், ரசீது போன்றவற்றை ஒட்ட ஆசையாக இருக்கும். இயந்திரம் தரும் ரசீதுகள் பலவும் சூட்டில் கறுக்கும் தாளில் அச்சாகின்றன. சில ஆண்டுகளில் எழுத்து மறைந்துவிடும், எனவே முக்கியமானதை நகலெடுத்து ஒட்டுங்கள். செல்லோடேப் கூடாது. அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பட்டை மட்டும் தனியே உதிரும். மாவுப்பசையும் வேண்டாம், பூச்சிக்கு அது விருந்து. அமிலமற்ற ஒட்டுக்குச்சி நல்லது. படமானால் நான்கு மூலைகளையும் செருகும் காகித மூலைகள் இன்னும் நல்லது, தேவைப்படும்போது எடுக்கலாம். படத்தின் பின்னால் பால்பாயிண்டால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். நிறமி மைப்பேனாவால் ஓரத்தில் மெதுவாக எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள்.

நிரம்பிய நோட்டுகளின் முதுகில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எழுதி, நெருக்கி அடுக்காமல் சற்றுத் தளர்வாக நிமிர்த்தி வையுங்கள். சமையலறை, குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும், பரணும், தரையும் ஆகாத இடங்கள். ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் அவ்வப்போது மாற்ற வேண்டும், ஈரத்தில் நிறைந்த பொட்டலத்தால் பயனில்லை. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரமும் அங்கேயே அடைபட்டுவிடும், அட்டைப்பெட்டியே மேல்.

விட்டுப்போனால், பிறர் படித்தால்

மூன்று வாரம் எழுதவில்லையா? ஒவ்வொரு நாளையும் நினைவுபடுத்தி நிரப்ப உட்காராதீர்கள், அதில்தான் பலர் முற்றாக நிறுத்துகிறார்கள். அன்றைய தேதியைப் போட்டு, "மார்ச் 3 முதல் 24 வரை எழுதவில்லை" என்று ஒரு வரி, உறுதியாக நினைவிருக்கும் நாலைந்து விஷயங்கள், பிறகு அன்றைய நாள். அவ்வளவுதான்.

கோபத்தில் எழுதுவதை உதிரித் தாளில் எழுதி, மறுநாள் படித்த பிறகு ஏட்டில் சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள். தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் இணைத்தாளும் தளர்ந்துவிடும் என்பது நடைமுறைக் காரணம். அடுத்தவர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியத்தை, அதிலும் நோயையும் கடனையும் பற்றியதை, பெயரோடு எழுதாதீர்கள். ஏடு எந்த நாளிலும் வேறொருவர் கையில் சிக்கலாம். கடவுச்சொல், வங்கி எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது. கோப்புக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அந்தக் கடவுச்சொல்லை வேறோரிடத்தில் எழுதிவையுங்கள். அதை மறந்தால் திறக்க வழியே இல்லாத பூட்டுகள் உண்டு.

உங்களுக்குப் பிறகு இந்த நோட்டுகளை யார் எடுத்துக்கொள்ள வேண்டும், எதைப் படிக்கலாம், எதைப் படிக்காமல் அழித்துவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த நபரிடம் நேரிலும் சொல்லிவிடுங்கள்.